அவர் டீயை அவரே ஆற்றட்டும்

"என் வீட்டுக்காரருக்கு வயது 53. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறோம். முப்பது வருஷம் பாய்லர் முன்னால் நின்று டீ ஆற்றியவர். ஐந்து மாதத்துக்கு முன்னால் விடியக்காலை கடை திறக்கப் போனவர், ஷட்டரைத் தூக்க முடியாமல் அங்கேயே சரிந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மதுரையில் ஸ்கேன் எடுத்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். கைதான் தொங்குகிறது, மணிக்கட்டும் விரல்களும் லேசாக நீள்கின்றன, அவ்வளவுதான். பந்து வாங்கிக் கொடுத்தால் தூக்கி எறிகிறார். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, சட்டை போடுவது எல்லாம் நான்தான். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் திடீர் திடீரென்று அழுகிறார். பேச வராது, ஆனால் கெட்ட வார்த்தை மட்டும் தெளிவாக வருகிறது. காலேஜ் போகும் மகள் முன்னாலேயே சொல்கிறார். எனக்கு உயிரே போகிறது. மாமியார் புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறார். ஆறு மாதம் தாண்டினால் கை வராது என்கிறார்கள், இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. பிரஷர் இப்போது 120 தான் காட்டுகிறது, மாத்திரையை நிறுத்தலாமா? அவர் மறுபடி கடையில் நிற்பாரா?"

– வத்தலக்குண்டிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஒரு மாதக் கெடுவை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பக்கவாதம் வந்தவர்களின் வீட்டுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்க நான் போகும்போதெல்லாம் இதே கேள்விதான் கதவைத் திறக்கிறது: "ஆறு மாசம் முடியப் போகுது சார், இனிமே வராதாமே?" இந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. முதல் மூன்று மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அடைப்பு வந்த இடத்தைச் சுற்றி வீங்கிக் கிடந்த பகுதிகள் வீக்கம் வடிந்து விழித்துக்கொள்ளும் காலம் அது. அதற்கப்புறம் வேகம் குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன், நிற்கும் என்று சொல்லவில்லை. 2006-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. பக்கவாதம் வந்து மூன்று மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை ஆன 222 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இரண்டு வாரம் மட்டும் கைக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களுடைய கை, பயிற்சி பெறாதவர்களின் கையைவிட நன்றாக வேலை செய்தது. அந்த ஆய்வில் சேர ஒரு தகுதி வைத்திருந்தார்கள்: மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது நீள வேண்டும். லேசாக நீள்கின்றன என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த வரி அது.

பழைய கை அப்படியே திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கொடுப்பவர்களையும் நம்பாதீர்கள். பொதுவாகக் கால் நன்றாகத் தேறிவிடும், கை பின்தங்கும், விரல்களின் நுணுக்கமான வேலை எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். சிலருக்கு வராமலே போகும். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் கை இன்று இருக்கும் நிலைதான் அதன் முடிவு என்று யாராவது சொன்னால், அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"ஒரு குறையும் வைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஐந்து மாதம், கடையையும் பார்த்துக்கொண்டு, இத்தனையும் செய்வதற்கு எவ்வளவு மனசும் உடம்பும் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் ஊட்டும் ஒவ்வொரு கவளமும் அவர் கைக்குப் போக வேண்டிய ஒரு பயிற்சி. சட்டையை நீங்கள் மாட்டிவிடும் ஐந்து நிமிஷம், அவர் தோளும் முழங்கையும் வேலை செய்திருக்க வேண்டிய ஐந்து நிமிஷம்.

எட்வர்ட் டௌப் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு கையின் உணர்ச்சி நரம்புகளை மட்டும் துண்டித்தால் குரங்கு அந்தக் கையை அதோடு விட்டுவிடும். அசைக்கும் சக்தி இருந்தும் பயன்படுத்தாது. நல்ல கையைச் சில நாள் கட்டி வைத்தார்கள். சாப்பிட வேறு வழி இல்லாமல் குரங்கு அந்தக் கையை நீட்டியது; கட்டை அவிழ்த்த பிறகும் அதைப் பயன்படுத்தியது. மனிதருக்கும் இதுதான் நடக்கிறது. ஆரம்பத்தில் கை உண்மையிலேயே வராது. நான்கு முறை முயன்று, டம்ளர் விழுந்து, எல்லோரும் பதறி ஓடி வந்தால், ஐந்தாவது முறை அவர் முயலவே மாட்டார். அப்புறம் மூளை கொஞ்சம் தேறியிருக்கும், ஆனால் கேட்க ஆள் இருக்காது. முடியாததில் ஒரு பாதி நோயினால் வந்தது, மறு பாதி பழக்கத்தினால் வந்தது. நோய் கொடுத்த பாதி நம் கையில் இல்லை. பழக்கம் கொடுத்த பாதி உங்கள் சமையலறையில்தான் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? பந்தை எடுத்து உள்ளே வையுங்கள். அவர் எறிந்தது நல்லதுதான். பக்கவாதம் வந்த கையில் விரல்கள் உள்ளே மடங்கி இறுகத்தான் பார்க்கும். பந்தைப் பிசைவது அந்த மடக்கத்தையே பழக்கும். அவருக்கு இப்போது தேவை விரல் விரிவது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், ஐம்பத்து மூன்று வயது மனிதரிடம் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் அவருக்கு அதில் என்ன இருக்கிறது?

அவருக்குத் தெரிந்த சாமான் ஒன்று இருக்கிறது. கடையிலிருந்து டீ ஆற்றும் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டுவாருங்கள். அவர் கைபட்டுத் தேய்ந்த பழையவையே வேண்டும், புதிதாக வாங்க வேண்டாம். கை வைத்த நாற்காலியில் அவரை நேராக உட்கார வையுங்கள், இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். முன்னால் ஒரு மேஜை. காலி டம்ளரை வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். அதை நோக்கிக் கையை நகர்த்த வேண்டும், அதுதான் முதல் வேலை. தூக்க வேண்டாம், மேஜை மேலேயே கை வழுக்கிக்கொண்டு போனால் போதும். அடியில் ஒரு துண்டைப் போட்டால் நன்றாக வழுக்கும். விரல் விரிந்து டம்ளரைச் சுற்ற வேண்டும். சுற்றியதும் விட வேண்டும். பிடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். நீங்கள் கவனிக்க வேண்டியதும் அதைத்தான். விரல் விரியவில்லை என்றால் மணிக்கட்டை லேசாகக் கீழே மடக்கிவிடுங்கள், விரல்கள் தானாகக் கொஞ்சம் விரியும். அப்போது டம்ளரை உள்ளே கொடுங்கள்.

அது பழகியதும் டம்ளரில் ஒரு பிடி அரிசி. இடது கையில் காலி டம்ளர், வலது கையில் அரிசி டம்ளர். இதிலிருந்து அதற்கு மாற்றட்டும். சிந்தும், சிந்தட்டும். கீழே ஒரு தாம்பாளத்தை வைத்துவிடுங்கள், வீணாகாது. அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர், கால் டம்ளர். டீ ஆற்றுவது வெறும் கை அசைவு அல்ல. தோள் உயர வேண்டும், முழங்கை நீள வேண்டும், மணிக்கட்டு திரும்ப வேண்டும், கண் அந்த ஓடையைப் பார்க்க வேண்டும், எப்போது நிறுத்துவது என்று தெரிய வேண்டும். நான் ஒரு மாதம் யோசித்தாலும் இவ்வளவு முழுமையான பயிற்சியை எழுதித் தர முடியாது. அது அவர் உடம்பில் முப்பது வருஷமாக இருக்கிறது.

எத்தனை தடவை என்று கேட்பீர்கள். இதில்தான் எங்கள் தொழிலே கோட்டை விடுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மறுவாழ்வு சிகிச்சை நடக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்தார்கள். கைப்பயிற்சி நடந்த ஒரு அமர்வில் நோயாளி ஏதாவது ஒரு வேலைக்காகக் கையை நீட்டியது சராசரியாக 32 தடவை. ஆய்வுக்கூடத்தில் விலங்குகளின் மூளையில் மாற்றம் தெரிவதற்கு ஒரு நாளைக்கு நானூறு, ஐநூறு தடவை செய்ய வைக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் அரை மணி நேரம் வந்துபோகும் என்னைப் போன்றவரால் அந்த எண்ணிக்கையைத் தொடவே முடியாது. ஆனால் ஒரு டீ மாஸ்டர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஆற்றுவார் என்று உங்களுக்கே தெரியும். காலையில் இருபது நிமிஷம், மதியம் இருபது, சாயங்காலம் இருபது என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒரு வேளைக்கு முப்பது தடவை போதும். வாரா வாரம் பத்து கூட்டுங்கள். தோளில் வலி வந்தால் நிறுத்துங்கள். காலண்டரில் அன்றன்றைய எண்ணிக்கையை எழுதுங்கள். மகளை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

அந்த நேரத்தில் நல்ல கைக்கு ஓய்வு கொடுக்கலாம். கை பொசுக்காமல் பாத்திரம் இறக்க வைத்திருப்பீர்களே, அந்தத் துணி உறை மாதிரி ஒன்றை இடது கையில் மாட்டிவிட்டால் அது முந்திக்கொண்டு வராது. டம்ளர் மாற்றும் பயிற்சிக்கு மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள், அதற்கு இரண்டு கையும் வேண்டும். உறை மாட்டியிருக்கும்போது அவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும், நீங்களோ மகளோ பக்கத்தில் இருக்க வேண்டும். நடக்கும்போது அந்தக் கை விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய கை, அதைக் கட்டக் கூடாது.

இன்னொன்று, ஒரு கண்ணாடி. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு அடி உயரம் உள்ளது போதும். மேஜையின் நடுவே, அவர் நெஞ்சுக்கு நேராக, நிமிர்த்தி வையுங்கள். கண்ணாடியின் முகம் இடது கைப் பக்கம் இருக்கட்டும், வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். இடது கையை விரித்து மூடச் சொல்லுங்கள், அவர் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். அவருக்கு வலது கை நன்றாக விரிந்து மூடுவது போலத் தெரியும். அதே சமயம் பின்னால் இருக்கும் வலது கையாலும் முயல வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷம். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக 1990-களில் இந்தக் கண்ணாடி முறையைக் கொண்டுவந்தவர் விளையனூர் ராமச்சந்திரன், நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிறகு அது பக்கவாதத்துக்கும் வந்தது. கை அசைவு தேற இது உதவுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவு ஒரு கண்ணாடி. மோதிரம், கயிறு ஏதாவது இடது கையில் இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மூளை ஏமாறாது.

இப்போது எனக்குக் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். கை தோளிலிருந்து தொங்குகிறது என்கிறீர்கள். தோளைச் சுற்றிய தசைகள் தளர்ந்திருக்கும்போது கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துவிடும். அந்த நிலையில் யாராவது அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ, எழுந்திரு என்று கையைப் பிடித்து இழுத்தாலோ தோள் கெட்டுப் போகும். தோள் வலி வந்துவிட்டால் அதற்கப்புறம் எந்தப் பயிற்சிக்கும் அவர் கையைக் கொடுக்க மாட்டார். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள்தான் இதில் ஆபத்து. அன்பாக வந்து கையைப் பிடித்துத் தூக்குவார்கள். தூக்க வேண்டுமென்றால் இடுப்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போது மடியில் தலையணை வைத்து அதன் மேல் கையை வையுங்கள். படுக்கும்போதும் கைக்கு அடியில் தலையணை. தொங்கவே விடாதீர்கள்.

சட்டைக்கு ஒரு விதி சொல்கிறேன், மறக்கவே மறக்காது: போடும்போது முடியாத கை முதலில், கழற்றும்போது முடியாத கை கடைசியில். முன்பக்கம் முழுக்கத் திறக்கும் சட்டையாகக் கொடுங்கள். அவரே மடியில் விரித்து, இடது கையால் வலது கையை எடுத்துச் சட்டைக் கைக்குள் நுழைக்கட்டும். முதல் நாள் கால் மணி நேரம் ஆகும். நீங்கள் சமையல் கட்டுக்குப் போய்விடுங்கள். பார்த்துக்கொண்டே நின்றால் உங்கள் கை சும்மா இருக்காது. குளிப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு கைப்பிடி, தரையில் ரப்பர் விரிப்பு. கைலி வேண்டாம். நுனி காலில் சிக்கி விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணுக்காலுக்கு மேல் நிற்கும் டிராயர் நல்லது. நடக்கையில் வலது பாதத்தின் முன்பகுதி தரையில் தேய்கிறதா என்று பாருங்கள். தேய்ந்தால் கணுக்காலை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் வேண்டும், பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். ஊன்றுகோல் இடது கையில்.

சாப்பாடும் அவர் கையாலேயே. வலது கை தேறும்வரை இடது கையால் ஸ்பூனில் சாப்பிடலாம், அதில் ஒரு தோஷமும் இல்லை. ஆனால் வலது கை மேஜை மேலே, தட்டைப் பிடித்தபடி இருக்க வேண்டும். டீயோ தண்ணீரோ குடிக்கும்போது இருமல் வருகிறதா, குடித்த பிறகு குரல் ஈரமாக, கரகரவென்று கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் நுரையீரலுக்குள் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கஞ்சியைவிடத் தண்ணீர்தான் அதிகம் தப்பிப் போகும். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பிடும்போது நேராக உட்கார வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

பேச்சுக்கு வருகிறேன். நீங்கள் வெட்கப்பட்டு எழுதிய அந்த விஷயம் எங்களுக்கு மிகவும் பழக்கமானது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைக் கட்டும் இடம் மூளையின் இடது பக்கம் இருக்கிறது. வலது கையை ஓட்டும் இடமும் அதே பக்கம்தான். அதனால்தான் இரண்டும் ஒரே நாளில் போயின. யோசித்து, சொல்லைத் தேடி, கோத்துச் சொல்லும் பேச்சு ஒரு வகை. யோசிக்காமல் வாயில் வருவது இன்னொரு வகை: ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, சாமி பேர், பழகிய பாட்டு, வாழ்நாள் முழுக்கச் சொன்ன வசவு. இந்த இரண்டாவது வகைக்கு மூளையில் வேறு பாதையும் உண்டு, அது தப்பித்துவிடும். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வாய் திறக்கிறார், தேடிய சொல் கிடைக்கவில்லை, கதவு திறந்து கிடந்த சொல் வெளியே வந்துவிடுகிறது. அவர் மகளைத் திட்டவில்லை. இதை மகளை உட்கார வைத்து இப்படியே சொல்லுங்கள். அவள் முகம் மாறுவதைப் பார்ப்பதுதான் அவருக்குப் பெரிய வலி, ஏனென்றால் தான் சொன்னது என்ன என்று அவருக்குத் தெரியும்.

தப்பித்த அந்தப் பாதையையே நாம் பயன்படுத்தலாம். டம்ளர் மாற்றும்போது எண்ணிக்கையைச் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். ஒன்று என்று நீங்கள் ஆரம்பித்தால் இரண்டு தானாக வரலாம். அவருக்குப் பிடித்த பழைய பாட்டைப் போட்டு, கடைசிச் சொல்லை மட்டும் அவருக்கு விடுங்கள். கேள்வி கேட்டால் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேளுங்கள். "என்ன வேணும்?" என்று கேட்காமல், "டீயா, காபியா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். சத்தமாகப் பேச வேண்டாம், அவருக்குக் காது கேட்கிறது. அவர் முன்னாலேயே அவரைப் பற்றி வருகிறவர்களிடம் பேசாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளரை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருப்பார்கள்.

அழுகை இரண்டு விதம். டிவியில் ஏதோ ஒன்று, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், உடனே பொங்கி அழுது, இரண்டு நிமிஷத்தில் ஒன்றும் நடக்காதது போல நிற்கிறது என்றால், அது உணர்ச்சியைப் பிடித்து வைக்கும் மூளைப் பகுதி தளர்ந்ததால் வருவது. அந்த நேரத்தில் ஏன் அழுகிறாய் என்று கேட்காமல் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். ஆனால் சாப்பாடு வேண்டாம், தூக்கம் இல்லை, பயிற்சிக்கு வர மறுப்பு, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று வாரக்கணக்கில் போனால் அது மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது. இரண்டுக்குமே மாத்திரை உண்டு, கேட்கும். டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. குடும்பமே சேர்ந்து, பாவம், இப்படி ஆகிவிட்டதே என்று அழுகிறார் என நினைத்துக்கொள்கிறது.

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். பெற்ற மகன் விழுந்து கிடக்கும்போது ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் துடிக்கிறது. புறா ரத்தத்தால் கை வராது. அடைப்பு வந்தது மூளையில், தோலில் தேய்ப்பது அங்கே போய்ச் சேராது. இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அதைவிட முக்கியம், சூட்டு ஒத்தடம் கொடுக்க விடாதீர்கள். ஒரு பெரியவருக்கு வீட்டில் மணல் ஒத்தடம் கொடுத்திருந்தார்கள். உணர்ச்சி இல்லாத கை, சுடுவது அவருக்குத் தெரியவில்லை. நான் போய்த் துணியை விலக்கியபோது புறங்கை முழுக்கக் கொப்புளம். சர்க்கரையும் இருந்ததால் அது ஆற இரண்டு மாதம் பிடித்தது, அந்த இரண்டு மாதமும் பயிற்சி இல்லை. மாமியாருக்கு வேறு வேலை கொடுங்கள். பயிற்சிக்கு முன்னால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒவ்வொரு விரலாக மெல்ல நீவி விரித்துவிடட்டும். இறுக்கம் தளரும். அம்மா கை படுவதும் நல்லதுதானே.

மாத்திரையைப் பற்றி நான் வளவளவென்று எழுதப் போவதில்லை. நிறுத்தக் கூடாது. 120 காட்டுவது மாத்திரையின் வேலை. மாத்திரையை எடுத்தால் 120-உம் போய்விடும். 2010-இல் 22 நாடுகளில் நடந்த ஒரு ஆய்வில், பக்கவாத அபாயத்தில் பத்தில் ஒன்பது பங்கு, நம்மால் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். அதில் முதல் இடம் ரத்த அழுத்தத்துக்கு. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை இரண்டும் அப்படித்தான், டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட விடக் கூடாது. பிரஷர் 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான இலக்கு. பீடி, சிகரெட் இருந்தால் அது அன்றோடு முடிந்திருக்க வேண்டும். உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், ஐந்து கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை வடை எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

மறுபடி வருமா என்ற பயம் உங்கள் கடிதத்தில் எழுதப்படாமல் இருக்கிறது. வரலாம். அதனால் வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு திடீரென்று இன்னும் குழறுவது. ஏதாவது ஒன்று தெரிந்தாலும் மணியைப் பாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள்.

நான் இவ்வளவு சொன்னதால், எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், சிகிச்சையாளர் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து, குடும்பத்துக்குப் பயிற்சி கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் பலன் கூடுமா என்று சோதித்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. கற்றுக்கொடுக்காத குடும்பங்களைவிட ஆறு மாதத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. அந்த முடிவு எனக்கு வருத்தம் தந்தது. ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டால் போதாது. யாராவது தொடர்ந்து வந்து பார்த்து, எண்ணிக்கையைக் கூட்டி, தப்பைத் திருத்த வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், பிரஷர், சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கு வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் பதிந்துவிடுங்கள். வருகிறவரிடம் காலண்டரைக் காட்டுங்கள். டம்ளர் பயிற்சி அவர் கைக்கு ஏற்றதா என்று அவர் நேரில் பார்த்துச் சொல்வது, நான் எழுதுவதைவிடப் பெரியது. மாற்றுத்திறனாளி அட்டைக்கும் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் உதவிகளுக்கு வழி உண்டு.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால் கேட்கிறேன். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? இடுப்பு வலிக்கிறதா? உங்கள் பிரஷரை யாராவது பார்த்தார்களா? அவர் தானே சட்டை போட்டுக்கொள்ளும் அந்தக் கால் மணி நேரத்தில் நீங்கள் ஒன்றும் செய்யாமல் ஒரு டீ குடியுங்கள். அவர்மேல் கோபம் வரும் நாளும் இருக்கும். வந்தால் அதற்காக உங்களைக் கெட்டவள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வாரத்துக்கு ஒரு அரை நாள் மாமியாரும் மகளும் பார்த்துக்கொள்ள, நீங்கள் வெளியே போய் வர வேண்டும்.

அவர் கடையில் நிற்பாரா என்று கேட்டீர்கள். நிற்பதற்கு முன்னால் உட்காரலாமே. கல்லாவில் ஒரு நாற்காலி போடுங்கள், கை வைத்த நாற்காலி. இடது கையால் சில்லறை எண்ணிக் கொடுக்க முடியுமா என்று பார்ப்போம். எண்கள் வருகிறதா, மீதிக் கணக்கு தப்புகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். பேச்சு போனவர்களுக்குச் சிலசமயம் கணக்கும் தடுமாறும், தடுமாறினால் மகள் பக்கத்தில் இருந்து சரிசெய்யட்டும். வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: அண்ணனுக்கு எல்லாம் புரியும், பதில் சொல்லத்தான் நேரம் ஆகும். பாய்லர் பக்கம் இப்போதைக்கு வேண்டாம். வலது கையில் சூடு தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்: கண்ணை மூடச் சொல்லி, வெதுவெதுப்பான டம்ளரையும் குளிர்ந்த டம்ளரையும் மாற்றி மாற்றித் தொட்டுக் கேளுங்கள். பத்துக்குப் பத்தும் சரியாகச் சொல்லும்வரை அடுப்புப் பக்கம் அந்தக் கை போகக் கூடாது.

மதியம் இரண்டு மணிக்கு மேல், பஸ் குறைவாக இருக்கும் நேரத்தில் ஆரம்பியுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். பயிற்சி டம்ளர் இரண்டையும் கல்லா மேஜையிலேயே வைத்துவிடுங்கள்.